அரை இஞ்ச் கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச்: 600 நியூட்டன் மீட்டர் போதுமா, 1,400 வேணுமா?

நட்டுபோல்ட்டு:
கார் வேலைக்கு கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் (உள்ளே இருக்குற சுத்தியல் அடிச்சு அடிச்சு நட்டைத் திருப்புற பேட்டரி மிஷின்) ஒண்ணு வாங்கணும். வீல் நட், காலிப்பர் பிராக்கெட், சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட், ஆக்சில் நட், எப்பவாவது கிராங்க் புல்லி போல்ட், அவ்வளவுதான். லாரி, டிராக்டர் கிடையாது. 18 வோல்ட், சாக்கெட் மாட்டுற முனை அரை இஞ்ச்னு முடிவாயிடுச்சு. ஒரு மாடல் 600 நியூட்டன் மீட்டர், 2 கிலோ. இன்னொண்ணு 1,400, பேட்டரியோட 3.5 கிலோ. பெரிசையே எடுத்துட்டா எல்லாத்துக்கும் ஆயிடாதா? கூட 2 ஆம்பியர் அவர் பேட்டரி ரெண்டு தர்றாங்க. போதுமா?

சாக்கெட்21:
அந்த 1,400 எதோட எண்ணுன்னு முதல்ல பாருங்க. பெட்டி மேல பெரிசா போடுறது பெரும்பாலும் கழட்டுற டார்க், அதாவது திருப்பு விசை. இறுக்குற டார்க் உள்ளே சின்ன எழுத்துல தனியா இருக்கும். ஒரு மாடலோட கழட்டுற எண்ணை இன்னொண்ணோட இறுக்குற எண்ணோட ஒப்பிட்டா கணக்கு தப்பிடும். ஃபுட் பவுண்டுல போட்டிருந்தா நியூட்டன் மீட்டராக்க 1.356-ஆல பெருக்கிக்கோங்க.

கார் வீல் நட் பெரும்பாலும் 90-லேர்ந்து 140 நியூட்டன் மீட்டருக்குள்ள இறுக்குறது. ஆக்சில் நட் 200, 300 வரைக்கும் போகும். துரு பிடிச்சு இறுகியிருந்தா கழட்ட அதைவிட நிறையவே வேணும். அதுக்கும் 600 தாங்கும். 3.5 கிலோவை வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு ஒரு கையில தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, அப்பப் புரியும். தலை நீளமும் முக்கியம். வீல் ஆர்ச்சுக்குள்ள சாக்கெட்டும் சேர்ந்து நுழையணும். என் ஓட்டு 600-க்குத்தான்.

இன்னொண்ணு, "20 வோல்ட் மேக்ஸ்"னு இருந்தா அது 18-ஐ விட பெரிசுன்னு நினைக்காதீங்க. ரெண்டுலயும் தொடரா 5 செல்தான். முழு சார்ஜ்ல ஏறக்குறைய 21, வேலை செய்யும்போது சராசரி 18.

கரிதூசி:
பேட்டரி விஷயத்துல ஏமாந்துடாதீங்க. 2 ஆம்பியர் அவர் பேட்டரியில சாதாரணமா ஒரே வரிசையில 5 செல்தான். 4, 5 ஆம்பியர் அவர்னா வழக்கமா ரெண்டு வரிசை, 10 செல். ரெஞ்ச் அடிக்க ஆரம்பிச்சதும் கரண்ட் எகிறும். ஒரே வரிசைன்னா வோல்டேஜ் சட்டுனு இறங்கிடும், சுத்தியல் வேகம் குறையும், டார்க்கும் போயிடும். "மிஷின் சரியில்ல"ன்னு வர்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். 5 ஆம்பியர் அவர் ஒண்ணாவது தனியா வாங்குங்க. மோட்டார் பிரஷ்லெஸ்தானான்னு பார்த்துக்கோங்க, கரி தேயுற தொல்லை இருக்காது.

ஆன்வில் முனை, அதாவது சாக்கெட் மாட்டுற சதுர முனை, ரெண்டு வகை. வளையம் போட்டதுல சாக்கெட்டை இழுத்தாலே கழண்டு வரும். அடிக்கடி சாக்கெட் மாத்துற கார் வேலைக்கு அதுதான் சரி. பின் வச்சதுல சாக்கெட் விழாது, ஆனா ஒவ்வொரு தடவையும் ஓட்டைக்குள்ள கம்பியை விட்டுக் குத்தணும்.

சாக்கெட் கறுப்பு குரோம் மாலிப்டினம், 6 முனை. பளபளன்னு இருக்குற கை சாக்கெட்டைப் போட்டா உடைஞ்சு தெறிச்சு கண்ணுல படலாம். அலாய் வீலுக்கு 17, 19, 21 மெல்லிய சுவர் டீப் சாக்கெட், பிளாஸ்டிக் உறை போட்டது. வீல் லாக் நட்டோட சாவியில மட்டும் இம்பாக்டை வைக்காதீங்க, அதோட வரிப்பள்ளம் உடைஞ்சா நட் அங்கேயே நின்னுடும்.

நட்டுபோல்ட்டு:
நன்றி. அப்ப 600, 5 ஆம்பியர் அவர். ஆனா கிராங்க் போல்ட்டுக்கு எட்டாதே, 10 இஞ்ச் எக்ஸ்டென்ஷன் போட்டா ஆகுமா?

மரைகாவலன்:
அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. எக்ஸ்டென்ஷன் ராடு ஒரு ஸ்பிரிங். ஒவ்வொரு அடிக்கும் அது முறுக்கி திரும்பும், போல்ட்டுக்குப் போற அடி மழுங்கிடும். நடுவுல யூனிவர்சல் ஜாயின்ட்டும் சேர்ந்தா இன்னும் மோசம். எட்டுற இடத்துக்கு எக்ஸ்டென்ஷனுக்குப் பதிலா ஒரே துண்டா டீப் சாக்கெட். கிராங்க் போல்ட்டுக்குன்னே எடை கூடின தடிச்ச சாக்கெட் தனியா வருது. இடம் இருந்தா அதுதான் வேலைக்காகும். இல்லைன்னா புல்லியை ஹோல்டரால பிடிச்சுக்கிட்டு நீளக் கைப்பிடி உள்ள பிரேக்கர் பாரால கையால கழட்டுங்க.

நகருதான்னு தெரியலைன்னா சாக்கெட்டுலயும் புல்லியிலயும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போடுங்க. பத்து செகண்ட் அடிச்சும் கோடு விலகலைன்னா நிறுத்திடுங்க. மேல அடிச்சா பேட்டரியும் சுத்தியலும் சூடாகுமே தவிர போல்ட் வராது. துரு பிடிச்ச போல்ட்னா பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊற விடுங்க. அப்புறம் லேசா இறுக்குற பக்கம் ஒரு தட்டு, கழட்டுற பக்கம் ஒரு தட்டு. ஒரே மூச்சா அடிச்சா ஸ்டட் முறிஞ்சிடும்.

இறுக்குறதுக்கு இதை நம்பாதீங்க. 600 மிஷின் ஒரு வீல் ஸ்டட்டை நிமிஷத்துல நீட்டிடும், டிஸ்க்கும் கோணிக்கும். நட்டை முதல்ல கையால நாலு மரையாவது ஏத்துங்க, மரை குறுக்கே ஏறினா அங்கயே கைக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் குறைஞ்ச மோடுல ஒட்டுற வரைக்கும், மிச்சம் டார்க் ரெஞ்ச், எதிரெதிர் நட்டா. 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒரு தடவை பாருங்க. ஸ்பார்க் பிளக், அலுமினியத்துல ஏறுற போல்ட், 6 எம்எம் எல்லாத்துக்கும் கைதான். சஸ்பென்ஷன் ஆர்மோட ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தரையில நிக்கும்போது இறுக்குங்க, தொங்கும்போது இறுக்கினா ரப்பர் முறுக்கின நிலையிலேயே நின்னு சீக்கிரம் கிழியும்.

கரிதூசி:
மேலே சொன்ன குறைஞ்ச மோடைப் பத்தி ஒரு வார்த்தை. அதுல எழுதியிருக்குற டார்க் அளவையும் நம்பாதீங்க, அது பேட்டரி சார்ஜைப் பொறுத்து மாறும். கழட்டும்போது நட் லூஸானதும் தானா நிக்கிற மோடு இருந்தா அதை எடுங்க. நட் பறந்து வண்டிக்கு அடியில தேடுற வேலை மிச்சம். காதுக்கு மஃப் மறக்காதீங்க, ஆர்ச்சுக்குள்ள அடிச்சா சத்தம் கொஞ்ச நஞ்சமில்ல.