உதவி தேவை: குழந்தையோடு நாடு மாறுகிறோம், ஒன்பதாம் மாத ஊசியை இங்கேயே போட்டுவிடலாமா?

சின்னுஅம்மா:
அவசரம், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போகிறோம், விசா வந்துவிட்டது. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியை இங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பவா, அங்கே போய்ப் போட்டுக்கொள்ளவா? இங்கே போட்டது எதுவும் அங்கே செல்லாது, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போடுவார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து தூக்கமே இல்லை. அத்தனை ஊசியையும் மறுபடி குத்துவார்களா?

ராகவி_எம்:
எந்த நாடு? பாப்பாவுக்கு இப்போது எத்தனை மாதம்? இதுவரை போட்டது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலா, தனியார் கிளினிக்கிலா? இந்த மூன்றும் தெரியாமல் சொல்லும் பதில் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது தோழி.

கொக்கு:
போடாதீர்கள். ஒரு வயதுக்கு முன்னால் போட்ட தட்டம்மை ஊசியைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். எங்கள் பையனுக்கு ஒன்பதாம் மாதம் போட்டிருந்தும், இங்கே அமெரிக்கா வந்த பிறகு மறுபடி இரண்டு டோஸ் போட்டார்கள். எதற்குக் குழந்தையை வீணாக அழவைக்க வேண்டும்?

ராகவி_எம்:
நீங்கள் சொல்வது அமெரிக்கக் கணக்கு. அவர் அமெரிக்கா என்று எங்கே சொன்னார்?

மழைத்துளி:
சிங்கப்பூர் என்றால் கதையே வேறு. 2019 பிப்ரவரியிலிருந்து, வெளிநாட்டில் பிறந்த 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நீண்டகாலம் தங்குவதற்கான பாஸ் கேட்கும்போதே தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசிகளுக்கு ஆதாரம் கேட்கிறார்கள். அதனால் அட்டையைப் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையிலேயே வையுங்கள். எந்த நாடு என்று சொன்னால் இன்னும் சொல்கிறேன்.

மூத்தவன்:
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? கொஞ்சம் தேடிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும். சரி, புதியவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் மஞ்சள் நிறச் சர்வதேசத் தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கி, எல்லா ஊசியையும் அதில் ஏற்றுங்கள். அது இல்லாமல் விமான நிலையத்தில் திண்டாடுபவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடிப்படை விஷயம் இது.

நர்ஸ்அக்கா:
மூத்தவன் ஐயா, அந்த மஞ்சள் புத்தகம் முக்கியமாக மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கானது. பெரும்பாலும் அந்த நோய் இருக்கும் நாடுகளிலிருந்து வருபவர்களிடம்தான் அதைக் கேட்பார்கள். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அந்த ஊசி போடுவதே கிடையாது. வழக்கமான ஊசிகளுக்குக் கிளினிக் அட்டையே போதும், ஆனால் அதைச் சரியாக எழுதி வாங்க வேண்டும்.

சின்னுஅம்மாவுக்கு: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். தேதியோடு எழுத்தில் இருக்கும் டோஸைப் பெரும்பாலும் எந்த நாட்டு மருத்துவரும் தள்ளிவிட மாட்டார். நடுவில் இடைவெளி நீண்டுவிட்டாலும் முதலிலிருந்து தொடங்குவதில்லை, விட்ட இடத்திலிருந்துதான் தொடர்வார்கள். மறுபடி போடச் சொல்வது பெரும்பாலும் அட்டை இல்லாதபோது, அல்லது அதில் இருப்பதைப் படிக்க முடியாதபோது. அதனால் அட்டையின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிறந்த அன்று போட்ட பிசிஜி (காசநோய் ஊசி), போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை ஊசி வரிசையில் குழந்தையின் பெயர் இருக்காது, ‘பேபி ஆஃப்’ என்று அம்மாவின் பெயர்தான் இருக்கும். பாஸ்போர்ட்டிலோ முழுப் பெயர், அதிலும் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் பின்னால் வந்திருக்கும். இரண்டும் ஒரே குழந்தைதான் என்று அங்கே உள்ளவருக்கு எப்படித் தெரியும்? கிளம்பும் முன் மருத்துவரிடம் போய், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு ஊசியின் முழுப் பெயர், கம்பெனிப் பெயர், பேட்ச் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். மாதத்தை எண்ணில் எழுத வேண்டாம், எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 05/08 என்று இருந்தால் நாம் ஆகஸ்ட் ஐந்து என்போம், அமெரிக்காவில் மே எட்டு என்று படிப்பார்கள். டோஸ்களுக்கு இடையில் குறைந்தபட்ச இடைவெளி இருக்கிறது, அந்தக் கணக்கே தவறிவிடும்.

மற்ற கேள்விக்கு நாட்டைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்.

ஆற்றங்கரை:
ஒன்று விட்டுவிட்டீர்கள் அக்கா. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸுக்குச் சேர்த்துப் போடும் ஊசியில் பாப்பாவுக்குப் போட்டது வலி ஊசியா, வலியில்லாத ஊசியா? அரசு மையத்தில் போடும் வலி ஊசியை வெளிநாட்டில் ஏற்க மாட்டார்கள். அங்கே எல்லாம் வலியில்லாததுதான்.

கொக்கு:
இது சரி. காய்ச்சல் வரும் அந்தப் பழைய ஊசியை அங்கே கைவிட்டு எவ்வளவோ வருடம் ஆகிறது.

நர்ஸ்அக்கா:
பல நாடுகள் கைவிட்டது உண்மை, ஏற்க மாட்டார்கள் என்பது உண்மையில்லை. இரண்டும் கணக்கில் வரும். முதல் இரண்டு டோஸ் ஒரு வகை, மூன்றாவது வேறு வகை என்றாலும் ஏற்பார்கள். வேறுபாடு கக்குவான் இருமல் பகுதியில்தான். ஒன்றில் முழுக் கிருமியையும் செயலிழக்கச் செய்து சேர்க்கிறார்கள், இன்னொன்றில் அதன் சில புரதங்களை மட்டும். முன்னதில் காய்ச்சலும் வீக்கமும் அதிகம், ஆனால் பாதுகாப்பு அதிக காலம் நிற்கும்.

ஆற்றங்கரை:
அப்படியானால் பணம் கொடுத்து வலியில்லாதது போட்ட நாங்கள் எல்லாம் ஏமாந்துவிட்டோமா? ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் குழந்தை அனத்துவதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ராகவி_எம்:
யாரும் அப்படிச் சொல்லவில்லை. அரசு மையத்தில் போட்டவர்கள் குழந்தைக்குக் குறை வைத்துவிட்டோமோ என்று பயப்படக் கூடாது, அதற்காகத்தான் அக்கா சொல்கிறார். எங்கள் மகளுக்கும் அரசு மையத்தில்தான் போட்டோம். அந்தச் செவிலியர் தேதி தவறாமல் போன் செய்து கூப்பிடுவார்.

மூத்தவன்:
தலைப்பை விட்டு எங்கேயோ போகிறீர்கள். கேள்வி கேட்டவரையே காணோம்.

சின்னுஅம்மா:
மன்னியுங்கள், பாப்பா இப்போதுதான் தூங்கினாள். ஜெர்மனி. எட்டு மாதம் முடியப்போகிறது, அவளுக்குப் பத்து மாதம் ஆகும்போது பயணம். அரசு மையத்தில்தான் போட்டோம். 6, 10, 14 வாரம் மூன்றும் முடிந்தது, வயிற்றுப்போக்குக்கு வாயில் கொடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும் முடிந்தது. அட்டையில் ‘பேபி ஆஃப்’ என்றேதான் இருக்கிறது அக்கா!

நர்ஸ்அக்கா:
ஜெர்மனி என்றால் என் பதில்: ஒன்பது மாதம் நிறைந்த உடனே இங்கேயே போட்டுவிடுங்கள்.

அங்கே தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசியைப் பதினோராம் மாதத்திலும் பதினைந்தாம் மாதத்திலும் போடுகிறார்கள். முன்கூட்டியே போட வேண்டியிருந்தால் ஒன்பதாம் மாதத்திலிருந்தே போடலாம், ஆனால் இரண்டாவது டோஸை ஒரு வயது முடிந்ததுமே போட்டுவிட வேண்டும். காரணம், அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்த வயதில் குழந்தையிடம் இன்னும் மிச்சம் இருந்தால் ஊசி முழுதாகப் பிடிக்காது. கொக்கு சொன்ன அமெரிக்க விதிக்கும் காரணம் இதுதான். அதற்காக ஊசி வீண் என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. விமானத்திலும் கூட்டத்திலும் போகும் குழந்தைக்கு அந்த முதல் டோஸ் ஒரு பாதுகாப்பு. பயணம் என்றால் ஆறு மாதத்திலிருந்தே ஒரு டோஸ் போடச் சொல்வதும் அதே அமெரிக்காதான், கணக்கில் மட்டும் சேர்க்க மாட்டார்கள்.

அரசு மையத்தில் போடுவது தட்டம்மை-ரூபெல்லா மட்டும், அதில் பொன்னுக்கு வீங்கி கிடையாது. மூன்றும் சேர்ந்தது தனியாரிடம் கிடைக்கும். எது போட்டாலும் அட்டையில் முழுப் பெயர் எழுதட்டும். ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம். அது சரியாக விமானத்தில் வந்து நிற்காதபடி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சிலிருந்து அங்கே பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கவே தட்டம்மை ஊசிக்கு ஆதாரம் வேண்டும், ஒரு வயதிலிருந்து ஒரு டோஸ், இரண்டு வயதிலிருந்து இரண்டு. போனதும் குழந்தை மருத்துவரிடம் முன்பதிவு செய்யுங்கள். பதினோராம் மாதம் போடும் ஆறு நோய்க் கூட்டு ஊசியை அவரே சொல்வார், உங்களுக்கு 14ஆம் வார டோஸிலிருந்து குறைந்தது ஆறு மாதம் கழிந்திருக்க வேண்டும். இடது கையில் பிசிஜி தழும்பைப் பார்த்து இது என்ன என்று கேட்டால் பயப்படாதீர்கள், அங்கே 1998 முதல் அதைப் பொதுவாகப் போடுவதில்லை.

கொக்கு:
ஜெர்மனி என்று முதலிலேயே தெரிந்திருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அக்கா சொல்வதையே செய்யுங்கள்.

சின்னுஅம்மா:
போட்டாயிற்று, மூன்றும் சேர்ந்தது. எட்டாம் நாள் லேசாகக் காய்ச்சல், ஒரே நாளில் சரியாகிவிட்டது. மருத்துவர் புதுத் தாளில் பாஸ்போர்ட் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார், பிறந்த அன்று போட்டவற்றின் பேட்ச் எண் மட்டும் கிடைக்கவில்லை. பெட்டி கட்டுகிறேன், எல்லோருக்கும் நன்றி.

நர்ஸ்அக்கா:
பேட்ச் எண் இல்லாவிட்டால் பரவாயில்லை, தேதியும் முத்திரையும் இருந்தால் போதும். பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதுத் தாளோடு சேர்த்தே காட்டுங்கள். இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.