இயற்கைத் துறைமுகம்தான் பெருநகரை உருவாக்குகிறதா?

கடலோடி: “பெருநகரம் எங்கே வளரும் என்பதை இயற்கைத் துறைமுகமே தீர்மானிக்கிறது, மும்பையைப் பாருங்கள்” என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பு வழங்கிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சென்னையையும் ஒருமுறை பார்த்திருக்கலாம். 1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே நிலம் பெற்றபோது இங்கே குடாவும் இல்லை, கப்பல் ஒதுங்க மறைவும் இல்லை. கப்பல்கள் கரைக்கு எட்டவே நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள்தான் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்தன. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இப்படியே பிழைப்பு ஓடியது.

துறைமுகத்தான்: தீர்ப்பு வழங்கியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். சென்னை விதிவிலக்கு. அங்கும் கடைசியில் துறைமுகம் கட்டத்தானே வேண்டியிருந்தது?

கடலோடி: 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார்; கட்டியதை 1881 நவம்பர்ப் புயல் சிதைத்தது. ஆனால் 1871 கணக்கெடுப்பிலேயே சென்னையில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் இருந்தார்கள். நகரம் முந்தியது, துறைமுகம் பிந்தியது. அது கிடக்கட்டும், உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று திருகோணமலையில் இருக்கிறதே, அங்கே ஏன் பெருநகரம் இல்லை?

நிலாவெளி: எங்கள் ஊரை உங்கள் சண்டைக்குத் துருப்புச்சீட்டாக்க வேண்டாம். 1957 வரை பிரித்தானியக் கடற்படை அதைத் தளமாக வைத்திருந்தது. கண்டிக்கு 1867இலேயே போன புகையிரதம் எங்களுக்கு 1927இல்தான் வந்தது. இது புவியியல் அல்ல, புறக்கணிப்பு.

கடலோடி: மன்னிக்க வேண்டும், அந்தப் புகையிரதம் கண்டிக்குப் போனதே மலைநாட்டுக் காப்பிக்காகத்தான். உங்கள் துறைமுகத்தின் முதுகுப்புறம் இருப்பது மழை குறைந்த உலர்வலயம். கொழும்பின் முதுகுப்புறம் இருப்பது விளைச்சல் மிகுந்த மலைச்சரிவு. தென்மேற்குப் பருவக்காற்றில் கப்பல் நிற்க முடியாத அந்தக் கொழும்பில், அதே இளவரசர் அதே மாதத்தில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டி, 1885இல் வேலை முடிந்தது. சரக்கு எங்கிருந்து வருகிறதோ அதற்கு நேரே கடலில் சுவர் எழுப்பினார்கள்; ஆழமான குடாவைத் தேடி யாரும் சரக்கைச் சுமந்துகொண்டு போகவில்லை.

துறைமுகத்தான்: பார்த்தீர்களா, கொழும்பிலும் கட்டினார்கள்! என் கட்சியைத்தான் நீங்கள் பேசுகிறீர்கள். தூத்துக்குடி பற்றிய விவாதத் திரியிலும் இப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதி எல்லோரையும் களைப்படைய வைத்தீர்கள்.

வடகரை: கட்டினார்கள், கட்டினார்கள் என்று பெருமைப்படுகிறவர்கள் அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம். வடக்கு நோக்கி நகரும் மணலைச் சென்னைத் துறைமுகச் சுவர் மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் கரையைத் தின்றது. உங்களுக்கு மாலைக் காற்று, எங்களுக்குக் கருங்கல் குவியல்.

துறைமுகத்தான்: தலைப்பு அதுவல்ல.

வடகரை: எங்கள் தெருவைக் கடல் கொண்டுபோனால் அது எப்போதுமே தலைப்பாக இருப்பதில்லை, ஐயா.

கடலோடி: வடகரை சொல்வது சரி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. திருகோணமலை?

துறைமுகத்தான்: முதலில் மும்பைக்குப் பதில் சொல்லுங்கள்.

கடலோடி: தாராளமாக. குடா அங்கே என்றைக்கும் இருந்தது. ஆயினும் 1860களில் இருப்புப்பாதை மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து தக்காணத்துப் பருத்தியை இறக்கிய பிறகுதான் அந்த நகரம் பெருவேகம் பிடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியதும் அப்போதுதான். இப்போது திருகோணமலை?

நிலாவெளி: மறுபடியும் எங்கள் ஊரா? 1927ஐ 1867 ஆக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் நீங்கள் இருவருமே சொல்ல மாட்டீர்கள்.

துறைமுகத்தான்: மும்பையில் குடா இருந்தது என்று அவரே எழுதிவிட்டார். எனக்கு அது போதும்.

கடலோடி: திருகோணமலையிலும் இருக்கிறது.