ஊர்த் திருச்சபைத் தொடக்கப்பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: நாங்குநேரி வட்டத்திலிருந்து ஒரு தந்தை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூனில் என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கிறிஸ்தவக் கோயில் வளாகத்துக்குள்ளேயே, திருச்சபை நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி இருக்கிறது. என் தகப்பனாரும் நானும் அங்கே படித்தவர்கள்தாம். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் காலை ஏழரை மணிக்கே வேன் ஏறி, வள்ளியூரில் உள்ள ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். ஊர்ப் பள்ளியில் இப்போது 57 பிள்ளைகள். முன்பு மூன்று ஆசிரியர்கள் இருந்த இடத்தில் இரண்டு பேர். கல்வித் தரம் குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதில் குறைந்தது என்று கேட்டால் ஒருவரும் சொல்வதில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதால், ஜெபத்திலும் வேதபாட வகுப்பிலும் மகள் கட்டாயம் உட்கார வேண்டியிருக்குமோ என்ற தயக்கமும் என் மனைவிக்கு உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை

தம்பி, உதவி பெறும் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். 1820இல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்ததையும், கால்டுவெல் இடையன்குடியில் அரை நூற்றாண்டு இருந்ததையும் சொல்லித்தான் நம் ஆண்டுவிழா மேடைகளில் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தப் பெருமை உண்மையானதுதான். வாரநாளில் பள்ளிக்கூடமும் ஞாயிற்றுக்கிழமையில் ஜெபவீடுமாக இருந்த ஓலைக்கூரையின் கீழ்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாக ஒருவர் எழுத்துக் கற்றார். ஆனால் உங்கள் மகளுக்குப் பாடம் நடத்தப்போகிறவர் ரேனியஸ் அல்லர். இப்போதிருக்கும் அந்த இரண்டு டீச்சர்கள்தாம். அவர்களைப் பற்றித்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது ஆசிரியர் எப்படிப் போனார் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. இத்தகைய பள்ளிகளில் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம்; சம்பளம் தருவது அரசு. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயம் செய்கிறார்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. 60 வரை இரண்டு பேர், 61 இருந்தால்தான் மூன்றாமவர். உங்கள் பள்ளி 57க்கு இறங்கியதும் ஒருவர் உபரியாகியிருப்பார். நான்கு பிள்ளைகள் வேன் ஏறியதால் மற்ற 57 பேருக்கும் ஓர் ஆசிரியர் குறைந்தார் என்றுதான் நான் இதைப் பார்ப்பேன். ஆசிரியர் குறைந்ததைக் காட்டி அடுத்த ஆண்டு இன்னும் நான்கு பேர் போவார்கள்.

இரண்டு பேர் ஐந்து வகுப்புகளை நடத்துவது கடினம், ஆனால் முடியாததன்று. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து, அவரவர் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். நல்ல ஆசிரியர் கையில் அது மணியாக நடக்கும். அக்கறையில்லாதவர் கையில் அதற்கான பாட அட்டைகள் அலமாரியிலேயே இருக்கும்.

ஒருநாள் காலை பத்து மணிக்குப் போய், அனுமதி கேட்டு, கடைசி பெஞ்சில் உட்காருங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம், அது முன்பு பார்த்திராத பக்கம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம்; அது மனப்பாடமாக இருக்கும். வள்ளியூர்ப் பள்ளியிலும் இதையே செய்யுங்கள், விட்டால்.

பதில் 2: களக்காட்டிலிருந்து ஒரு தாய்

சார்வாள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் எங்கள் அனுபவம் வேறு. என் மகன் படித்த திருச்சபைப் பள்ளியில் ஒரு பணியிடம் ஒன்றரை ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. தலைமையாசிரியை ஒருவரே ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொண்டு, பாதி நேரம் கைப்பேசியில் வருகைப்பதிவும் சத்துணவுக் கணக்கும் ஏற்றிக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்லமாட்டேன். தற்காலிகமாக ஒருவரை நிர்வாகம் தன் செலவில் வைத்திருக்கலாம். கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கப் பணம் இருந்தது, அதற்கு இல்லை. மூன்றாம் வகுப்பு முடித்த பையன் ‘வண்ணத்துப்பூச்சி’ என்ற சொல்லில் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று மூச்சு வாங்கினான். அவனை வேறு பள்ளிக்கு மாற்றினோம். ஆகவே அண்ணன், காலிப் பணியிடம் இருந்தால் எத்தனை மாதமாக, யார் நிரப்புவார் என்று, நிர்வாகத்தின் சார்பில் பள்ளியைப் பார்க்கும் தாளாளரிடமே நேரில் கேளுங்கள்.

பதில் 3: திசையன்விளைப் பக்கத்து வாசகர்

ஜெபத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அரசியலமைப்பின் 28(3) பிரிவின்படி, அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் சம்மதமின்றிச் சிறுவயதுப் பிள்ளையைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது. சேர்க்கையின்போதே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். நடைமுறையில் என் இரு மகள்களும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேடம் கேட்டு அழுதார்களே தவிர, எங்களுக்கு வேறு சிக்கல் வரவில்லை. மேலும், ஊரகத்திலுள்ள உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் 2024 ஜூலை முதல் அரசின் காலை உணவு உண்டு. ஏழரை மணி வேனுக்கு அரை இட்லியோடு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

அனைவருக்கும் நன்றி. அந்த ஐயா சொன்னபடி வியாழக்கிழமை போய் உட்கார்ந்தேன். உரக்கடையில் கொடுத்த துண்டறிக்கை ஒன்றுதான் பையில் இருந்தது. நான்காம் வகுப்புச் சிறுமி அதை வாங்கி, ‘நுண்ணூட்டச் சத்து’ என்ற இடத்தில் ஒருமுறை நின்று, திரும்பச் சேர்த்து வாசித்து, “நுண்ணூட்டம் என்றால் என்ன?” என்று என்னையே கேட்டாள். அவளுக்கு அடுத்திருந்த பையன் தடுமாறினான். டீச்சர் அவனை அதட்டவில்லை; சொல்லைக் கரும்பலகையில் இரண்டாகப் பிரித்து எழுதி, அவனே சேர்க்கும்வரை காத்திருந்தார். அதே நேரத்தில் பின்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கால் மணி நேரம் சும்மா இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வள்ளியூர்ப் பள்ளியில் வகுப்புக்குள் விடவில்லை. கட்டண அட்டையும் நீச்சல்குளப் படமும் கொடுத்தார்கள்.

மகளை ஊர்ப் பள்ளியிலேயே சேர்க்கிறோம். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு முடித்து 9 பேர் வெளியேறுகிறார்கள். ஒன்றாம் வகுப்புக்கு, என் மகளோடு, இதுவரை 8 பேர். ஜூலையில் சேர்ந்தாலும் கணக்கில் வருமா?

பதில் 1 எழுதியவர்

ஆகஸ்ட் 1க்குள் பதிவேட்டிலும், மாணவர் விவரம் ஏற்றும் அரசின் எமிஸ் இணையதளத்திலும் பெயர் ஏறிவிட்டால் வரும், தம்பி. நான்கு வீட்டாரும் சேர்த்தால் 60 ஆகிறது. இன்னும் ஒரு பிள்ளை வேண்டும். 61 ஆனாலும் ஆசிரியர் உடனே வந்துவிடமாட்டார். நிர்வாகம் கல்வி அலுவலகத்துக்கு எழுதிப் பணியிடத்தைக் கேட்டுப் பெற வேண்டும். தாளாளரைப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், அந்த நான்கு வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.