உயிரோடிருப்பவனுக்கு ஒரு மரண கானா

வியாசர்பாடியில் ஒரு துக்க வீட்டில், எங்கள் பகுதிக் கானாப் பாடகர் ஒருவர் தாமே கட்டிய பாட்டொன்றைப் பாடக் கேட்டேன். தன் பெயரில் வேறொருவன் வாழ்கிறான், தன் கையெழுத்தைப் போடுகிறான், கதவைத் தட்டுபவர்கள் மட்டும் தன்னிடமே வருகிறார்கள் என்று ஒருவன் புலம்பும் பாட்டு அது. காதலியைப் பறிகொடுத்தவனின் புலம்பல் என்றே அங்கிருந்த பலரும் பேசிக்கொண்டார்கள். ஒருவரின் பெயரையும் ஆவணங்களையும் வைத்து இன்னொருவர் ஏமாற்றும் அடையாளத் திருட்டைப் பற்றிய பாட்டு அது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

காசிமேட்டில் மீன் விற்கும் என் சித்தி மகளிர் குழுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, அவர் பெயரில் ஏற்கெனவே ஒரு கடன் கட்டப்படாமல் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்போதோ எதற்கோ கொடுத்த ஆதார், பான் அட்டை நகல்களை வைத்து யாரோ கைப்பேசிச் செயலி வழியாக வாங்கிய கடன் அது. ஆதாரமாகக் காட்டப்பட்ட நகலில் சித்தியின் முகம் கறுத்துப்போய் ஆளே தெரியவில்லை. பெயரும் 12 இலக்க எண்ணும் மட்டும் பளிச்சென்று இருந்தன. "இது உங்க ஆதார்தானே?" என்ற கேள்விக்கு ஆமாம் என்பதைத் தவிர அவரால் வேறென்ன சொல்ல முடியும்?

மரண கானாவில் இறந்தவரின் பெயரைச் சொல்லி, உறவைச் சொல்லி, அவர் வாழ்ந்த வாழ்வைப் பாடுவது வழக்கம். இந்தப் பாட்டிலோ பாடுபவன் தன் பெயரையே அப்படி அழைத்து ஒப்பாரி வைக்கிறான். ஆள் இருக்க, பெயர் மட்டும் செத்துப்போனதற்கான இழவு அது என்றே நான் பொருள் கொள்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்கும் அடி பாட்டில் எங்குமே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். "நான்தான் நான்" என்று ஊரார் முன் மெய்ப்பிக்க வேண்டிய நிலை வந்துவிட்டதே என்பதுதான் அவன் துயரம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சித்தி இணையக் குற்றப் பிரிவில் புகார் அளித்து, அதன் நகலுடன், யார் எவ்வளவு கடன் வாங்கிக் கட்டினார் என்ற பதிவை வைத்திருக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறார். இப்போதெல்லாம் கடைசி 4 இலக்கங்கள் மட்டுமே தெரியும் ஆதார் நகலையே, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதைக் குறுக்கே எழுதித்தான் கொடுக்கிறார்.

பின்னர் பாடியவரிடமே கேட்டேன். தம் உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததைத்தான் பாடியதாகச் சொன்னார். இணையப் பண மோசடி பற்றிப் புகார் சொல்ல அழைக்கும் தொலைபேசி எண்ணான 1930ஐப் பாட்டில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். கடைசிச் சரணத்தில் வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.