இரண்டு வாரம் தங்க இடம் கேட்டேன், முகம் சுருங்கிவிட்டது. ஜெர்மனியில் நட்பு என்பதே கிடையாதா?

கேள்வி: ஜெர்மனிக்கு வந்து மூன்றாம் மாதம்

தூக்கம் வராமல் எழுதுகிறேன். நிறுவனம் கொடுத்த தற்காலிக வீட்டை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். வேறு வீடு அமையவில்லை. அலுவலகத்தில் எனக்கு இருப்பது ஒரே ஒரு நட்பு. தினமும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். என் எலுமிச்சைச் சோற்றில் பாதி அந்தத் தட்டுக்குத்தான் போகும். முதல் வாரமே 'டு' என்று ஒருமையில் கூப்பிடச் சொல்லியாயிற்று. அந்த உரிமையில்தான், இரண்டு வாரம் உங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "பார்க்க வேண்டும்" என்று மட்டும் பதில். மறுநாள் சாப்பிட வரவில்லை. நான் என்ன தவறு செய்தேன்?

ஸ்டுட்கார்ட், 9 ஆண்டுகள்

தம்பி, அவர் உங்களுக்கு 'ஃப்ராய்ண்ட்' (நண்பர்) அல்ல, 'கொலேகே' (உடன் வேலை செய்பவர்). நண்பர் என்ற சொல்லை இங்கே கஞ்சத்தனமாகத்தான் செலவு செய்வார்கள். பல ஆண்டு பழகியவரைக்கூடத் 'தெரிந்தவர்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள், அதில் அவமதிப்பு ஏதும் இல்லை. நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரே இறங்கும்போது நண்பராகிவிடுகிறார். நான் வந்த புதிதில் ஒரு விருந்தில் உடன் வேலை செய்பவரை 'மைன் ஃப்ராய்ண்ட்' என்று அறிமுகம் செய்துவைத்தேன். அதற்குக் காதலன் என்ற பொருளும் உண்டு என்பது அவருடைய மனைவி சிரித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மியூனிக், 4 ஆண்டுகள்

'டு' என்று கூப்பிடச் சொன்னதே பெரிய நெருக்கம். வயதில் மூத்தவர்தான் அதை முன்வந்து சொல்ல வேண்டும் என்பது இங்கே மரபு. அப்படிச் சொன்னவர் பின்வாங்குகிறார் என்றால் நீங்கள் வேறு ஏதோ சொல்லியிருக்கிறீர்கள்.

பெர்லின், கணினித் துறை

எந்தக் காலத்துக் கதை இது? எங்கள் அலுவலகத்தில் முதலாளியையே 'டு' என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் வீட்டில் போய்ப் படுக்க முடியுமா?

டோர்ட்முண்ட், 1986 முதல்

தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது எனக்கு ஒரு சொல் டொச் (ஜெர்மன் மொழி) தெரியாது. எதிர்வீட்டுக் கிழவர் இரண்டு ஆண்டுகள் 'கூட்டன் டாக்' (வணக்கம்) என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. கல்நெஞ்சர்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டாவது பிள்ளை பிறக்கும்போது மனைவிக்கு நோவு நள்ளிரவில் தொடங்கியது. வாசல் விளக்கைக் கண்டு கிழவர் இரவுச் சட்டையோடு வெளியே வந்தார். மூத்தவனைக் கையில் வாங்கிக்கொண்டு "போ, போ" என்றார். ஐந்து நாள் வைத்திருந்தார். 2002 இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தபோது, வேட்டி கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றவரும் அவர்தான். அதற்குப் பிறகும் ஒரு நாள்கூடச் சொல்லாமல் என் வீட்டுக்கு வந்ததில்லை. தொலைபேசியில் கேட்டு, நேரம் குறித்துத்தான் வருவார்.

டாலஸ், அமெரிக்கா

கதவைத் திறக்கவாவது இரண்டு ஆண்டு போதும் உங்களுக்கு. இங்கே முதல் நாளே கட்டிப்பிடித்து, "ஒரு நாள் கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும்" என்பார்கள். ஆறு வருடமாக அந்த ஒரு நாளுக்குத்தான் காத்திருக்கிறேன்.

ஸ்டுட்கார்ட், 9 ஆண்டுகள்

இதைக் குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1936 இலேயே எழுதிவிட்டார். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்து விளக்குவார். அமெரிக்கருக்கு வெளி வட்டங்கள் எல்லாம் திறந்தே இருக்கும், நடுவில் உள்ளதுதான் கெட்டி. ஜெர்மானியருக்கு வெளியிலேயே தடை. அதைத் தாண்டிவிட்டால் உள்ளே வெகுதூரம் போகலாம்.

பெர்லின், கணினித் துறை

வட்டம் வரைந்தால் பாய் விரிக்க இடம் கிடைக்குமா?

மியூனிக், 4 ஆண்டுகள்

நான்கு பேர் காபி குடித்தால் நான்கு ரசீது. பிறந்தநாள்காரரே கேக் வாங்கிக்கொண்டு அலுவலகம் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஓர் ஆணி அடித்தேன், மாலைக்குள் கதவில் சீட்டு ஒட்டியிருந்தது. இதில் நட்பைப் பற்றி என்ன பேசுவது?

லைப்சிக், 12 ஆண்டுகள்

எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். கேட்டவருக்கு மாதக் கடைசியில் தெருவில் நிற்கும் நிலை. எந்த ஊர்? தனி ஆளா? எங்கே வைத்துக் கேட்டீர்கள்? அவருடைய வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? அதற்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லையா?

கேட்டவர்

லைப்சிக்தான் அக்கா. தனி ஆள். எல்லோரும் தம்பி என்கிறீர்கள், நான் பெண். அவரும் பெண்தான். இரண்டு அறை வீடு, கணவர், கைக்குழந்தை. கேட்டது உணவகத்தில், எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த மேசையில். அன்றிரவு மூன்று வாடகை அறை விளம்பரங்களை அனுப்பினார். இடத்தைக் காலி செய் என்பதை நாகரிகமாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் பதில் எழுதவில்லை.

லைப்சிக், 12 ஆண்டுகள்

அம்மா தாயே, இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரவு உட்கார்ந்து மூன்று அறை தேடி அனுப்பியிருக்கிறார். எட்டுப் பேர் எதிரில் ஆம் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் திணறியிருப்பார். மறுநாள் சாப்பிட வராததற்குக் குழந்தைக்குக் காய்ச்சல்கூடக் காரணமாக இருக்கலாம். இப்போதே நன்றி எழுதுங்கள். மன்னிப்பை நீட்டி முழக்க வேண்டாம், ஒரு வரி போதும். அடுத்ததாக, அறை பார்க்கப் போகும்போது கூட வர முடியுமா என்று கேளுங்கள். நாள், மணி, எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிக் கேளுங்கள். அளவு தெரிந்த உதவி என்றால் யோசிக்காமல் ஒத்துக்கொள்வார்கள்.

அறை விஷயம்: ஊருக்குப் போகிறவர்கள் இடைக்காலத்துக்கு விடும் அறைகளுக்கு 'ட்ஸ்விஷன்மீட்டே' என்று பெயர். இரண்டு மூன்று மாதத்துக்கு அது போதும். வாடகைக்கு இருப்பவரே உள்வாடகைக்கு விடுகிறார் என்றால், வீட்டு உரிமையாளரின் சம்மதம் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்று யாராவது எழுதினால் அது மோசடி. கண்ணால் பார்க்காத அறைக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

கேட்டவர்

எழுதினேன். நான்கு நிமிடத்தில் பதில். குழந்தைக்குக் காதுவலியாம், அதனால்தான் இரண்டு நாளும் வேலைக்கு வரவில்லையாம். வியாழன் 18:30 க்கு முதல் அறை. 18:10 க்கு டிராம் நிறுத்தத்தில் நிற்பதாகவும், 19:15 வரை இருக்க முடியும் என்றும் எழுதியிருக்கிறார். எலுமிச்சைச் சோறு கொண்டுபோகலாமா?

லைப்சிக், 12 ஆண்டுகள்

டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள், நிறுத்தத்திலேயே கொடுத்துவிடலாம். அறை முடிவானால் மூன்று வேலை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்; அதற்கு வீடு விடுபவர் கையெழுத்திட்ட உறுதிப்படிவம் கட்டாயம், அந்த அறையில் பதிய விடுவார்களா என்பதை வியாழனன்றே கேளுங்கள். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதுவும் வெப்பச் செலவு முதலியவை சேராத வாடகைக் கணக்கில். பிறகு, அஞ்சல்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லாவிட்டால் வங்கி அட்டை, விசாக் கடிதம் எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

டோர்ட்முண்ட், 1986 முதல்

பிள்ளை, தம்பி என்று எழுதிவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். 18:10 என்றால் 18:05 க்கே போய் நில்லுங்கள்.