மறு: ‘ஸ்டப்’ – நிழல்சாவியா, அடிக்கட்டையா?

வணக்கம்.

குனுபிஜி என்ற மறையாக்க நிரலில், தனிச்சாவியை (மடலைத் திறக்கவும் கையொப்பமிடவும் பயன்படும் ரகசியச் சாவி) ஸ்மார்ட் கார்டுக்கு மாற்றியபின் கணினியில் தங்கும் ‘ஸ்டப்’ என்ற சிறு கோப்பை ‘நிழல்சாவி’ எனலாம் என்று முந்தைய மடலில் வந்தது. குனுபிஜி அந்தக் கோப்புக்குள் எழுதிவைப்பதும் ‘ஷேடோட் பிரைவேட் கீ’ என்றுதான். ஆனாலும் ‘சாவி’ என்று முடியும் எந்தச் சொல்லும் இங்கே ஆபத்து. அதில் தனிச்சாவி இல்லை; பொதுச்சாவி விவரமும் அட்டையின் வரிசை எண்ணும்தான் உண்டு.

சாவியை அட்டைக்கு மாற்றும் ‘கீடுகார்டு’ கட்டளையைக் கொடுத்து ‘சேவ்’ செய்ததும் வட்டிலிருந்த சாவி போய், அந்த இடத்தில் இது உட்காரும். அதன்பின் தனிச்சாவியை ஏற்றுமதி செய்யும் ‘எக்ஸ்போர்ட் சீக்ரெட் கீஸ்’ கட்டளையை ஓட்டினாலும் ஒரு கோப்பு கிடைக்கும். அதைக் காப்புநகல் என்று நம்பி வைத்திருப்பவரால், அட்டை தொலைந்த அன்று ஒரு மடலைக்கூடத் திறக்க முடியாது.

என் பரிந்துரை: அடிக்கட்டை. காசோலையைக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தில் நிற்பது அடிக்கட்டை. எண் அதில் இருக்கும். வங்கியில் நீட்டினால் காசு வராது.

உதவிப் பக்கத்தில் இப்படி வரும்:

“ஒரே சாவி இரண்டு அட்டைகளில் உள்ளது, இரண்டாவதைச் செருகியும் முதல் அட்டையின் எண்ணையே நிரல் கேட்கிறது என்றால், அடிக்கட்டையில் பழைய எண் நிற்கிறது. தனிச்சாவிப் பட்டியலில் ‘எஸ்எஸ்பி’ (துணைச்சாவியைக் குறிக்கும் எழுத்துகள்) அருகே > குறி உள்ளதா எனப் பாருங்கள். குறியே இல்லையென்றால் அது உண்மைச் சாவி, கைவைக்காதீர்கள். > இருந்தால், ‘வித் கீகிரிப்’ என்ற விருப்பத்தைச் சேர்த்துப் பட்டியலிடுங்கள். 40 எழுத்து நீள அடையாளம் வரும். தனிச்சாவிக் கோப்புறையில் அந்தப் பெயருள்ள கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, இரண்டாவது அட்டையைச் செருகி, அட்டையைப் படிக்கும் ‘கார்டு ஸ்டேட்டஸ்’ கட்டளையைக் கொடுங்கள். புது அடிக்கட்டை உருவாகும்.”

அதே பட்டியலில் வரும் # குறிக்கு இதே சொல்லை நீட்டக் கூடாது. அங்கே அட்டை எண்கூட இல்லை. ‘தனிச்சாவி இல்லை’ என்றே எழுதுவோம்.

———

மறுமொழி:

அடிக்கட்டைக்கு என் ஆதரவும் உண்டு. தனியாக வந்தால் மரத்தின் அடிக்கட்டை நினைவுக்கு வரும் என்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் முதல்முறை ‘அட்டைச்சாவியின் அடிக்கட்டை’ என விரித்து எழுதிவிட்டுப் பிறகு சுருக்கலாம். ‘போலிச்சாவி’ என்ற பழைய முன்மொழிவைக் கைவிடுவோம். போலி என்று படித்தவர் அழித்துவிடுவார், மறுநாள் கையொப்பமிட முடியாமல் திணறுவார்.

உதவிப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: புதுக் கணினியில் பொதுச்சாவியை முதலில் இறக்குமதி செய்து, அட்டையைச் செருகி ‘கார்டு ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் அடிக்கட்டை தானாக உருவாகும். பழைய கணினியிலிருந்து அதைச் சுமந்துவர வேண்டியதில்லை.