மரபணு–சூழல் இடைவினை: ‘கூட்டுவினை’ போதுமா?

அன்புடையீர்,

மரபணுவும் சூழலும் சேர்ந்து நோயை உண்டாக்குவதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடருக்கு (gene–environment interaction) நம் குழுவில் தமிழ்க் கலைச்சொல்லாக முன்மொழியப்பட்ட ‘கூட்டுவினை’ ஓசையில் நன்றாகவே இருக்கிறது; ஆயினும், இரண்டின் பங்கையும் கூட்டினால் நோய் வந்துவிடும் என்ற எண்ணத்தை அது தருவதால் எனக்கு உடன்பாடில்லை. இலக்கணத்தில் அச்சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை உண்டு என்பது தனிச் செய்தி.

சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி (G6PD) என்ற நொதியின் குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு மாறியிருப்பதால் இந்நொதி குறைந்தவர்களுள் பெரும்பாலோர் நோய்க்குறி எதுவுமின்றியே வாழ்கிறார்கள். மத்தியதரைக்கடல் நாடுகளில் விரும்பி உண்ணப்படும் ஃபாவா அவரையோ, வைவாக்ஸ் மலேரியா மீளாதிருக்கத் தரப்படும் பிரைமாகுயின் மாத்திரையோ, நொதி போதிய அளவில் உள்ளவருக்குப் பொதுவாகச் சிவப்பணுச் சிதைவை உண்டாக்குவதில்லை. குறைபாடுள்ளவர் அந்த அவரையை உண்ணும்போதோ அம்மருந்தை விழுங்கும்போதோ, ஆக்சிஜனேற்றத் தாக்குதலைத் தாங்குவதற்கான குளூட்டாதயோன் என்ற சேர்மத்தைப் புதுப்பிக்க இயலாத சிவப்பணுக்கள் சிதைந்து, சோகையும் மஞ்சட்காமாலையும் தோன்றுகின்றன. மரபணுவின் பங்கு எத்தனை விழுக்காடு, அவரையின் பங்கு எத்தனை விழுக்காடு என்று இங்கே பிரித்துக் கேட்பதில் பொருளே இல்லை. ஒன்று என்ன விளைவைத் தரும் என்பதை மற்றொன்று தீர்மானிக்கிறது. பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடல் சரிவரச் சிதைக்க இயலாத பரம்பரை நோயான பினைல்கீட்டோனூரியாவிலும் இதுவே நிலை: பிறந்த சில நாள்களிலேயே கண்டறிந்து, உணவில் பினைல்அலனினைக் கட்டுப்படுத்தினால், அதே மரபணு மாற்றத்தோடு பிறந்த குழந்தையின் மூளை பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது.

ஒன்றின்மேல் ஒன்று வினைபுரியும் இத்தன்மையை ‘இடைவினை’ நேராகக் காட்டுகிறது. இதே பொருளில் வழங்கும் ‘ஊடாட்டம்’ தவறன்று, ஆனால் கணினித் துறையில் அது பயனரும் திரையும் உறவாடுவதற்கு நன்கு பழகிவிட்டதால், மருத்துவ நூலில் படிப்பவர் ஒரு கணம் தயங்குவார். எனவே ‘மரபணு–சூழல் இடைவினை’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். பல மரபணுக்களும், உப்பும், உடற்பருமனும் தத்தம் அளவில் இடரை உயர்த்துவதாகக் கணக்கிடப்படும் மிகை இரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் ‘கூட்டுப் பங்களிப்பு’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சுவது ஓர் இடைப்பட்ட வகை. நுரையீரலைக் காக்கும் புரதமான ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் மரபுவழியாகக் குறைந்திருப்பதும் புகைபிடித்தலும் தனித்தனியாகவே நுரையீரலைக் கெடுக்க வல்லவை. இரண்டும் சேரும்போதோ நுரையீரலின் காற்றறைகள் சிதையும் எம்ஃபிசீமா வழக்கத்தைவிட இளவயதிலேயே வந்துவிடுகிறது. இதற்கு ‘மிகுப்பு இடைவினை’ என அடைமொழி சேர்க்க வேண்டுமா, ‘இடைவினை’ ஒன்றே போதுமா என்பதைப் புள்ளியியல் அறிந்த உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.